எங்கள் மாடித் தேனின் ஈரம்

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் என் நாத்தனார் வீட்டுப் பக்கத்து மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போவோம். பூசை முடிந்ததும் பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் அவர் வீட்டில் மதியச் சாப்பாடு. என் கணவருக்கு அவர் ஒரே அக்கா. பள்ளிக்கூட டீச்சர். குரலை உயர்த்தாமலேயே ஒரு வகுப்பை அடக்கிவிடக்கூடியவர். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்வரை அவர் பொறுக்கவில்லை. கோயில் வாசலிலேயே என்னை ஓரமாகக் கூப்பிட்டு, கைப்பையிலிருந்து பேப்பரில் சுற்றிய ஒரு சின்ன பாட்டிலை எடுத்தார். மேலே ஒட்டியிருந்த லேபிளில் என் கையெழுத்து. மூடியைச் சுற்றி நுரை வழிந்து காய்ந்திருந்தது.

"திறந்து பாரு" என்றார்.

திறந்தேன். சோடா பாட்டிலைத் திறக்கிற மாதிரி ஒரு சின்னச் சத்தம். அதன் பிறகு வாசனை. அளவுக்கு மீறிக் கனிந்த வாழைப்பழமும் ரொட்டிக்கடை ஈஸ்ட்டும் கலந்த மாதிரி. நான் ஆறு வாரத்துக்கு முன்னால் கோயில் திருவிழா ஸ்டாலுக்குக் கொடுத்த தேன் அது. எங்கள் மாடியில் நானே வளர்த்த தேனீக்களின் முதல் தேன்.

"இது மட்டும் இல்லம்மா. வாங்கினவங்கள்ல நாலு பேர் சொல்லிட்டாங்க" என்றார் அக்கா. சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு இன்னும் தணிந்த குரலில், "நம்ம கோயிலுக்கு எதிர்ல இருக்கற பேக்கரிக்காரர் சர்க்கரைப் பாகு கலந்திருக்குன்னு சொல்றார்" என்றார்.

அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் ஸ்டாலுக்கு முன்னால் நின்று "என் தம்பி பெண்டாட்டி வீட்டுத் தேன், சுத்தமானது" என்று எல்லோரிடமும் சொன்னவர் அவர்தான். அந்தச் சங்கடம் முகத்தில் இருந்தது. நான் பாட்டிலை மூடி என் பையில் வைத்துக்கொண்டேன். அன்றைக்குச் சாப்பாட்டில் என்ன இருந்தது என்று எனக்கு ஞாபகமில்லை.

எனக்கு அது ஏன் அவ்வளவு சுட்டது என்பதற்கு என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் பீன்யாவில், பம்புகளுக்கு ஷாஃப்டும் புஷ்ஷும் செய்கிற ஒரு தொழிற்சாலையில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். பத்தொன்பது வருடமாக அதே வேலை. மெஷினிலிருந்து வருகிற உருப்படியை அளப்பேன். அளவுக்குள் இருந்தால் பச்சைத் தட்டு. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கூடியிருந்தால் சிவப்புப் பெயிண்ட். ஆபரேட்டர் கெஞ்சினாலும் சரி, சூப்பர்வைசர் லாரி நிற்கிறது என்று கத்தினாலும் சரி, அளக்காமல் ஒரு பெட்டி என் மேசையைத் தாண்டிப் போனதில்லை. அப்படிப்பட்ட நான், என் வீட்டிலிருந்து இருபத்து நாலு பாட்டில் தேனை அளக்காமல் அனுப்பியிருக்கிறேன்.

தேனீக்கள் எங்கள் வீட்டுக்கு வந்தது தற்செயலாகத்தான். ஆஸ்டின் டவுனில் எங்கள் வீடு ஒரு மாடி வீடு. ஒரு நாள் மின்சார ரீடிங் எடுக்க வந்தவர் மீட்டர் பெட்டியைத் திறந்ததும் அப்படியே தெருவுக்கு ஓடினார். உள்ளே கை அகலத்தில் இரண்டு அடை. நம் ஊர் அடுக்குத் தேனீ. உருவத்தில் சிறியது, அதிகம் கொட்டாது. என் கணவர் எலக்ட்ரீஷியன். மீட்டர் பெட்டியில் எது இருந்தாலும் அவருக்குப் பிடிக்காது. கனகபுரா ரோட்டுப் பக்கமிருந்து தேனீ வளர்க்கிற ஒருவரை வரவழைத்தார். அவர் அடைகளை அறுத்து, வாழைநாரால் மரச்சட்டத்தில் கட்டி, ஒரு பெட்டிக்குள் கூட்டத்தையே இறக்கிய நேர்த்தியை நான் வாசலில் நின்று பார்த்தேன். முடித்ததும் அவர் பெட்டியைத் தூக்கப் போனார். "இங்கயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டேன். என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நானும் அதை முன்னாடியே யோசித்திருக்கவில்லை.

இரண்டு நாள் பயிற்சி வகுப்புக்குப் போனேன். ஒரு பெட்டி அடுத்த வருடம் இரண்டு பெட்டியானது. தெருக்கோடியில் புங்க மரங்கள். அதற்கப்பால் கல்லறைத் தோட்டத்து நாவல். மார்ச் மாதம் புங்கம் பூக்கத் தொடங்கினால் மரத்தடியில் நின்றாலே தலைக்கு மேல் ஒரு ரீங்காரம் கேட்கும். அதில் பாதி எங்கள் வீட்டுத் தேனீக்கள் என்று நான் நம்பினேன்.

பயிற்சியில் தெளிவாகத்தான் சொன்னார்கள். பூவிலிருந்து தேனீ கொண்டுவருவது தேன் இல்லை, இனிப்பான தண்ணீர். அதை அறைகளில் ஊற்றி, சிறகை வீசி வீசி ஈரத்தை ஓட்டும். பதம் வந்ததும்தான் அறையின் வாயை மெழுகால் மூடும். மூடிய அடையை மட்டும் எடுங்கள். மூடாத அறையில் ஈரம் அதிகம், அந்தத் தேன் புளித்துவிடும். இதையெல்லாம் நோட்டில் எழுதிக் கோடும் போட்டிருந்தேன். ஆனால் அடுத்த ஞாயிறு திருவிழா. அக்காவிடம் இருபத்து நாலு பாட்டில் தருவதாகச் சொல்லியாகிவிட்டது. இரண்டு நாள் மழை விட்டிருந்தது. பெட்டியைத் திறந்தேன். ஆறு சட்டமும் கனத்தன. பாதி அறைகள் திறந்துதான் இருந்தன. பார்த்தேன். பார்த்தும் எடுத்துவிட்டேன். சட்டங்களைத் தேன் பிழிகிற டிரம்மில் வைத்துக் கைப்பிடியைச் சுற்றியபோது தேன் சுவரில் பட்டு வழிந்த அழகில் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

அக்கா வீட்டிலிருந்து திரும்பிய மறுநாள் அவருக்குப் போன் செய்து, யார் யார் வாங்கினார்கள் என்று பட்டியல் கேட்டேன்.

"எதுக்கும்மா?"

"எல்லாத்தையும் திருப்பி வாங்கிட்டு வந்துடறேன், அக்கா."

"இன்னும் ஒரு மாசத்துல மறந்துடுவாங்க. நீயே வீட்டுக்கு வீடு போய்ச் சொன்னா பாரிஷ் முழுக்கத் தெரியும்."

"தெரியட்டும். பாகு கலந்தேன்னு நெனைக்கறதுக்கு, ஈரத்தோட எடுத்துட்டேன்னு தெரிஞ்சுக்கட்டும்."

"சரி, எழுதிக்கோ" என்றார்.

தொழிற்சாலையில் ஒரு உருப்படி தவறு என்று தெரிந்தால் அந்த ஒன்றை மட்டும் பார்க்க மாட்டோம். அந்த லாட் முழுவதையும் திரும்ப வரவழைப்போம். அதைத்தான் செய்தேன். சனிக்கிழமை என் கணவர் துணிப்பையோடு கூட வந்தார். ஒவ்வொரு வீட்டிலும் மணியடித்து, நான் யாரென்று சொல்லி, தேன் சரியாகப் பழுக்கும் முன்னால் எடுத்துவிட்டேன், தப்பு என்னுடையது, பாட்டிலைக் கொடுங்கள், பணத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். முதல் இரண்டு வீட்டில் சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொன்னேன். மூன்றாவது வீட்டிலிருந்து பழகிவிட்டது. ஒரு வீட்டில் ஒரு அம்மா காலி பாட்டிலைக் கொண்டுவந்து காட்டினார். "புளிப்பாதான் இருந்துச்சு. சப்பாத்திக்கு நல்லாயிருந்துச்சும்மா. இன்னொண்ணு இருக்கா?" என்று கேட்டார். படியிறங்கும்வரை என் கணவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தார்.

பேக்கரிக்காரர் சிரிக்க வைக்கவில்லை. கடையில் அப்போது நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். கவுண்டருக்குப் பின்னாலிருந்து நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பாட்டிலை எடுத்து வைத்தார். பணத்தை வாங்கவில்லை.

"எங்கிட்ட தேன் விக்க வர்றவங்க எல்லாரும் ஏதாச்சும் ஒரு காரணம் வச்சிருக்காங்க. ஈரம்ன்றாங்க, பூ அப்படின்றாங்க. எனக்கு எப்படித் தெரியும்?"

கேள்வி நியாயமானது. அதுதான் வலித்தது. எனக்கும் தெரியாது. என்னிடம் ஒரு எண் இல்லை. எண் இல்லாமல் நான் சொல்வது வெறும் பேச்சு.

பதினேழு பாட்டில் திரும்பி வந்தன. ஒன்றை மட்டும் லேபிளோடு வைத்துக்கொண்டு மற்றவற்றைப் புங்க மரத்தடியில் குழி வெட்டி ஊற்றினோம்.

எங்கள் தொழிற்சாலையில் காலை முதல் வேலை மெஷின்களின் சூட்டைத் தணிக்க ஓடுகிற கூலண்ட்டைப் பார்ப்பது. பால் மாதிரி இருக்கும் அந்தத் திரவத்தில் எண்ணெய் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள ரிஃப்ராக்டோமீட்டர் என்று ஒரு கருவி உண்டு. டார்ச் லைட் நீளத்தில் ஒரு குழல். முனையில் சாய்வான கண்ணாடி. அதில் ஒரு சொட்டு விட்டு, மூடியை அழுத்தி, வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணில் வைத்தால் உள்ளே ஒரு அளவுகோல் தெரியும். மேலே நீலம், கீழே வெள்ளை. இரண்டும் சந்திக்கிற கோடுதான் கணக்கு. பத்தொன்பது வருடமாகத் தினமும் இதைக் கண்ணில் வைக்கிறேன். தேனுக்கும் இதுதான் என்று எனக்கு அதுவரை தோன்றவேயில்லை.

டிபன் டப்பாவில் கொஞ்சம் தேன் கொண்டுபோய், டீ நேரத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். கோடே இல்லை. பார்வை முழுக்க ஒரே வெள்ளை. பக்கத்து மேசையில் வேலை செய்கிற கன்னடக்காரப் பெண் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஸ்வல்ப யோசனெ மாடி, மேடம்" என்று, கொஞ்சம் யோசிக்கச் சொல்லிச் சிரித்தாள். கூலண்ட் மீட்டர் முப்பத்திரண்டு சதவீதத்தோடு முடிந்துவிடும். தேனில் சர்க்கரை அதற்கு இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும். தேனுக்கென்று தனி மீட்டர் வேண்டும்.

வாங்கினேன். பெட்டியைப் பிரித்ததும் முதல் காரியமாக, வைத்திருந்த அந்தப் புளித்த பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு எடுத்து விட்டேன். தேன் மீட்டரில் ஈரத்துக்கென்று தனி அளவுகோல் உண்டு. மேலே போகப் போக எண் குறையும். இருபது சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நல்ல தேன் என்று கணக்கு. என் பாட்டில் பதினெட்டரை காட்டியது.

என் கணவர் எட்டிப் பார்த்தார். "நல்ல நம்பர்தானே?"

"ரொம்ப நல்ல நம்பர். அதான் சந்தேகமா இருக்கு" என்றேன்.

வேறு யாராவது இருந்திருந்தால் அந்த எண்ணை நம்பி, தன் தேனில் குறையில்லை, பாட்டில்தான் சரியாகக் கழுவவில்லை போலிருக்கிறது என்று ஆறுதலடைந்திருப்பார்கள். எனக்கு அந்த ஆறுதல் வேண்டியிருக்கவில்லை. மூடியைத் திறந்தால் சத்தம் போடுகிற தேன் பதினெட்டரை ஈரத்தில் இருக்காது. பொய் சொல்வது தேன் இல்லை, மீட்டர். புதுக் கருவியை அப்படியே நம்பக்கூடாது என்பது என் தொழிலில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது. மைக்ரோமீட்டர் வந்தால் அளவு தெரிந்த கட்டையை வைத்துப் பார்ப்போம். இதற்கும் அளவு தெரிந்த ஏதாவது வேண்டும். கூலண்ட் மீட்டருக்குச் சுத்தமான தண்ணீர் போதும், பூஜ்யம் காட்ட வேண்டும். தேன் மீட்டரில் பூஜ்யமே கிடையாது. அதன் சர்க்கரை அளவுகோல் தொடங்குவதே ஐம்பத்தெட்டிலிருந்துதான். தேடிப் பார்த்து, இதற்கென்று விற்கிற எண்ணெய் ஒரு சின்னக் குப்பியில் வரவழைத்தேன். என்ன எண் காட்ட வேண்டும் என்று குப்பியிலேயே அச்சடித்திருந்தார்கள். இரண்டு சொட்டு விட்டு, அரை நிமிடம் காத்திருந்து, ஜன்னலைப் பார்த்தேன். ஈரத்தின் கணக்கில் நாலு குறைத்துக் காட்டிக்கொண்டிருந்தது மீட்டர்.

குழலின் மேல் ஒரு ரப்பர் மூடிக்குக் கீழே கடுகளவு ஸ்க்ரூ. என் கணவருடைய மிகச் சின்ன ஸ்க்ரூ டிரைவரை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். நீலக் கோடு நகர்ந்து குப்பியில் சொன்ன எண்ணில் வந்து நின்றது. துடைத்தேன். மறுபடி எண்ணெய் விட்டேன். அதே எண். மூன்றாம் தடவையும் அதே எண். பிறகு அந்தப் பழைய தேனை விட்டேன். இருபத்திரண்டரை.

தப்பு என்னுடையதுதான் என்று உறுதியானதில் இவ்வளவு சந்தோஷம் இருக்க முடியும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அடுத்த வருடம் மார்ச்சில் புங்கம் பூத்தபோது நான் தயாராக இருந்தேன். ஒவ்வொரு சட்டத்துக்கும் பென்சிலால் எண் போட்டேன். வாரத்துக்கு இரண்டு நாள், வேலைக்குக் கிளம்பும் முன்னால் காலையில் மாடிக்குப் போய், கொஞ்சம் புகை காட்டி, சட்டத்தைத் தூக்கி, மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் பல்குத்தும் குச்சியால் ஒரு சொட்டு எடுப்பேன். குமிழி இல்லாமல் மெல்லிதாகப் பரப்பி மூடி, கருவியும் தேனும் ஒரே சூட்டுக்கு வரும்வரை பொறுத்துப் பார்ப்பேன். நோட்டில் எழுதுவேன். இருபத்தாறு. அடுத்த தடவை இருபத்து நாலு. அப்புறம் இருபத்திரண்டு புள்ளி ஆறு. அவ்வளவு சின்னச் சிறகுகள் பெட்டிக்குள் இருட்டில் செய்கிற வேலை, என் நோட்டில் எண்ணாக இறங்கிக்கொண்டிருந்தது. தொழிற்சாலையில் நான் பார்க்கிற எண்கள் எல்லாம் சரியா தப்பா என்பதோடு முடிந்துவிடும். இந்த எண் நாளுக்கு நாள் நல்லதாகிக்கொண்டு வந்தது. அதைப் பார்க்கவே சீக்கிரம் எழுந்தேன்.

என் கணவர் முதலில் கண்ணில் வைத்து, "நீலமா தெரியுது" என்று மட்டும் சொல்வார். ஒரு மாதத்தில் புள்ளிக்கு அடுத்த எண்வரை படிக்கக் கற்றுக்கொண்டார். சில நாள் நான் ஷிஃப்டுக்குப் போய்விட்டால் அவரே எடுத்து எனக்கு மெசேஜ் அனுப்புவார். மெட்ரோவில் நின்றபடி "4ஆம் சட்டம் 20.8" என்று படிப்பேன். பக்கத்தில் நிற்பவர்களுக்கு அது என்னவென்று தெரியாததில் எனக்கு ஒரு பெருமை.

திருவிழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது மூன்று சட்டம் முழுக்க மெழுகு மூடி, பத்தொன்பதுக்குப் பக்கத்தில் வந்திருந்தன. மற்ற ஐந்தும் இருபத்தொன்றில். அவையும் வந்துவிடும் என்று நினைத்தேன். மழை பிடித்துக்கொண்டது. நாலு நாள் தேனீக்கள் வெளியே போகவில்லை. ஈரமான காற்றில் எண் இறங்க மறுத்தது. இருபத்தொன்று, இருபத்தொன்று, இருபத்தொன்று புள்ளி இரண்டு.

அக்கா போன் செய்தார். "முப்பது பாட்டில்னு சொல்லி வச்சிருக்கேன். போஸ்டர்லயும் போட்டாச்சு."

"மூணு சட்டம்தான் ஆகியிருக்கு அக்கா. ஒன்பது பாட்டில் வரும்."

"மீதி?"

"மீதி இன்னும் தேன் ஆகல."

"ஒன்பது பாட்டிலுக்கு ஒரு மேசையா? போன வருஷம் அப்படி ஆச்சு, இந்த வருஷம் இப்படியா?"

பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த என் கணவர், எடுத்து ரெண்டு நாள் லேசாகச் சூடு காட்டினால் ஈரம் போய்விடாதா என்று கேட்டார். போகலாம், கூடவே வாசனையும் போகும் என்றேன். எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. மாடிக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தபோது ஐந்து கனத்த சட்டங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. ஆனால் போன வருடம் பார்த்தும் எடுத்தேன். இந்த வருடம் பார்த்தும் எடுத்தால் மீட்டர் எதற்கு? மேல்மூடியைச் சாத்தி, மேலே கல்லை வைத்துவிட்டுக் கீழே இறங்கினேன். அந்தப் படிகளில் இறங்கியதுபோல் நான் நிமிர்ந்து நடந்தது என் வாழ்க்கையில் குறைவு.

மூன்று சட்டத்துத் தேனைப் பிழிந்து, இரண்டு நாள் தெளியவிட்டு, பாட்டிலில் ஊற்றினேன். எட்டு விற்பனைக்கு, ஒன்று நான் வைத்துக்கொள்ள. தொழிற்சாலையில் ஒவ்வொரு லாட்டிலும் ஒரு உருப்படியை எடுத்து வைப்பது வழக்கம், அந்தப் பழக்கம்தான். லேபிளில் எடுத்த தேதியும், 'ஈரம் 19.2' என்றும் எழுதினேன்.

திருவிழா அன்று அக்கா கோபத்தைக் காட்டவில்லை, மேசைக்கு நல்ல துணிதான் விரித்திருந்தார். பாட்டிலோடு மீட்டரையும் வைத்தேன். முதலில் வந்தவர்கள் எல்லாம் மீட்டரைத்தான் கையில் எடுத்தார்கள். கண்ணில் வைத்து, நீலத்தையும் வெள்ளையையும் பார்த்து, எண்ணைச் சத்தமாகப் படித்தார்கள். அக்காவே ஒருமுறை பார்த்தார். பிறகு என்னிடமிருந்து குழலை வாங்கிக்கொண்டு, வருபவர்களுக்கு எப்படிப் பார்ப்பதென்று வகுப்பெடுக்க ஆரம்பித்துவிட்டார்.

மதியத்துக்கு மேல் பேக்கரிக்காரர் வந்தார். பார்த்தார். படித்தார். கீழே வைத்தார்.

"மீட்டர் உங்களோடது" என்றார்.

"ஆமா. அதனால நீங்க நம்பணும்னு இல்ல."

"எங்க கேக், ரொட்டி எல்லாம் டெஸ்ட்டுக்குப் போற லேப் ஒண்ணு இருக்கு. ஒரு பாட்டில் எடுத்துட்டுப் போய்க் குடுக்கட்டுமா?"

"கண்டிப்பா குடுங்க" என்றேன். நானே ஒரு பாட்டிலைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தேன்.

மூன்று வாரம் கழித்துப் போன் வந்தது. வேலையில் இருந்தேன். "சர்க்கரைப் பாகு ஒண்ணும் இல்ல. சுத்தமான தேன்" என்றார். பிறகு, "ஆனா ஈரம் பத்தொன்பது புள்ளி ஆறுன்னு போட்டிருக்காங்க. நீங்க புள்ளி ரெண்டுன்னு எழுதியிருந்தீங்க" என்றார்.

இருபதுக்குக் கீழேதான். யாரும் குறை சொல்லப் போவதில்லை. ஆனாலும் அந்தப் புள்ளி நாலு என்னை விடவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும், எடுத்து வைத்திருந்த ஒன்பதாவது பாட்டிலைத் திறந்தேன். எண்ணெய் விட்டு மீட்டரை ஒருமுறை சரிபார்த்தேன். தேனை விட்டேன். பத்தொன்பது புள்ளி ஆறு.

மீட்டரில் குறையில்லை. நான் லேபிளில் எழுதியது சட்டத்தில் எடுத்த அளவை. அதன் பிறகு இரண்டு நாள் தெளியவிட்ட பாத்திரத்தை வெறும் மெல்லிய துணியால் மூடியிருந்தேன். இரண்டு நாளும் மழை. தேன் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பாட்டிலில் ஊற்றிய பிறகு கடைசியாக ஒருமுறை நான் அளக்கவில்லை.

மறுநாளே கடைக்குப் போய் அவரிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். கடையில் அன்றைக்கும் ஆட்கள் நின்றிருந்தார்கள். அவர் கேட்டுக்கொண்டே ஒரு தட்டில் இரண்டு பன்னை வைத்து என் பக்கம் நகர்த்தினார்.

"அப்போ உங்க லேபிள் தப்பு, மீட்டர் சரி."

"ஆமா."

"லேப் சொன்னதும், நீங்க வீட்ல பார்த்ததும் ஒண்ணேதானா?"

"ஒண்ணேதான்."

"இவ்வளவு தேன் வாங்கியிருக்கேன். யாரும் வந்து, நான் எழுதினது புள்ளி நாலு தப்புன்னு சொன்னதில்லம்மா" என்றார். பிறகு உள்ளே திரும்பி, கண்ணாடி அலமாரியில் நடுத்தட்டிலிருந்த பிஸ்கட் டின்களை ஒதுக்கச் சொன்னார். அந்த இடம் என் தேனுக்கு என்பது எனக்கு ஒரு நிமிடம் கழித்துத்தான் புரிந்தது.

மீதி ஐந்து சட்டமும் மே கடைசியில், மழை விட்ட பிறகு பழுத்தன. இந்தத் தடவை பாத்திரத்தை இறுக மூடி வைத்தேன். ஒவ்வொரு பாட்டிலிலும் கடைசி அளவைப் பார்த்து எழுதினேன். அந்த ஞாயிறு அக்கா வீட்டுச் சாப்பாட்டுக்கு அவர் பள்ளிக்கூடத்து டீச்சர்கள் இருவர் வந்திருந்தார்கள். என்னை அறிமுகப்படுத்தும்போது இத்தனை வருடமாக அக்கா சொல்வது "பீன்யால ஃபேக்டரில இருக்கா" என்பதுதான். அன்றைக்கு, "குவாலிட்டி இன்ஸ்பெக்டர். லேப் ரிப்போர்ட்டும் இவ கணக்கும் ஒரு புள்ளி மாறாது" என்றார். நான் குனிந்து சாம்பாரைப் பரிமாறிக்கொண்டிருந்தேன். அக்கா பக்கம் பார்க்கவில்லை.

இப்போது பூக்காலத்தில் ஞாயிறு காலை எங்கள் மாடிப்படியில் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். பெங்களூரில் மாடியில் தேனீ வளர்க்கிறவர்கள் இவ்வளவு பேர் என்று எனக்குத் தெரியாது. ஒருவர் சொல்லி ஒருவர் வருகிறார்கள். ஈரம் அளந்து பார்க்கச் சின்னச் சின்ன டப்பாக்களில் ஒரு ஸ்பூன் தேன். போன வாரம் எலஹங்காவிலிருந்து ஒரு பெண் ஸ்கூட்டரில் வந்தாள். முதல் அறுவடை. டப்பாவை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். வெயிலில் வந்த சூடு ஆறட்டும் என்று கொஞ்ச நேரம் மேசையில் வைத்துவிட்டு, ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். இருபத்து மூன்று.

"சட்டத்த எடுத்துட்டீங்களா, பெட்டிலயே இருக்கா?"

"பெட்டிலதான் இருக்கு. நாளைக்கு எடுக்கலாம்னு."

"வேணாம். இன்னும் பத்து நாள் விடுங்க. நீங்களே பாருங்க" என்று குழலைக் கொடுத்தேன்.

ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணில் வைத்துக்கொண்டாள். நெடுநேரம் பார்த்தாள். எண்ணைத் தானாகவே படித்தாள், சரியாகப் படித்தாள். முகம் கொஞ்சம் வாடியது. பிறகு பையிலிருந்து நோட்டை எடுத்து, அன்றைய தேதியைப் போட்டு எழுதிக்கொண்டாள்.